நொண்டி முயல் கத்திகள்

தாக்மோர் கம்பனியின் கத்திகள் ஊர் திரும்பத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். ஷெஃபீல்ட் நகரத்துச் சரிவுகளில் மழை விட்டு வெயில் மங்கலாய் விழுந்துகொண்டிருந்த நேரம், கம்பனியின் பொதிகட்டும் அறையில் வேலை செய்த சிவமலர் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். வாசற்படியில் ஒரு ரொட்டி வெட்டும் கத்தி கிடந்தது. அலகில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது, அது இன்னும் மென்மையாகவே இருந்தது. யாரோ விட்டுப்போனது என்று நினைத்து அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது படியில் இன்னும் இரண்டு கிடந்தன. சாப்பாட்டு நேரத்துக்குள் முற்றம் நிறையக் கத்திகள். பின்னேரத்துக்குள் தெருமுனை வரைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பூங்காவிலும் பஸ் தரிப்பிடங்களிலும் தேவாலயப் படிகளிலும் ஆற்றங்கரைப் புல்லிலும், ஒன்றுவிடாமல் எல்லாக் கத்தியிலும் பிடிக்குக் கொஞ்சம் மேலே அந்த நொண்டி முயல் முத்திரை.

அந்த முயலின் கதையை ஊரில் எல்லாரும் அறிவார்கள். இருநூறு வருஷத்துக்கும் முந்தி, ஆற்றுத் தண்ணீர் சுற்றிய சக்கரத்தின் அருகில் குந்தியிருந்து கத்தி தீட்டிய ஜோசையா தாக்மோர் என்பவர் தனக்கென்று ஒரு முத்திரை வேண்டுமென்று ஓடும் முயலை அச்சில் வெட்டுவித்தார். முதல் அடியிலேயே அச்சின் ஒரு மூலை தெறித்து முயலின் பின்னங்கால் போய்விட்டது. வேறு அச்சு வரும்வரைக்கும் இது இருக்கட்டும் என்று அவர் அடித்த கத்திகள் கடல் தாண்டிப் போய் நல்ல பெயர் எடுத்துவிட்டன, பிறகு வந்த நாலுகால் முயலை ஒருவரும் நம்பவில்லை, போலி என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே மகன்மாரும் பேரன்மாரும் முயலை நொண்டியாகவே விட்டுவிட்டார்கள்.

ஊர் கொஞ்சம் திகைத்தது, பிறகு பழகிக்கொண்டது. தபால்காரர்கள் தடித்த அடிப்பாகம் வைத்த சப்பாத்துப் போட்டார்கள். தெரு கூட்டி முடியும்வரை நாய்களை வெளியே விடுவதில்லை என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நகரசபை ஒவ்வொரு சந்தியிலும் சிவப்புத் தகரப் பெட்டி வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசைக்கு முன்னால் ஒரு ஆசிரியை தும்புத்தடியால் கத்திகளைக் கூட்டி விலக்கிக்கொண்டு போனார். கத்திகள் ஒருவரையும் கீறவில்லை. எல்லாம் கூர்ப்பக்கம் நிலத்தைப் பார்த்தபடி அடக்கமாகக் கிடந்தன. வானிலை சொல்லும் பெண் மழையையும் காற்றையும் சொல்லி முடித்த கையோடு, மேற்குச் சரிவில் இன்றைக்குக் கத்திகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று அதே குரலில் சொல்லத் தொடங்கினாள். ஏன் வருகின்றன என்று மதுக்கடைகளில் பேசியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதே கம்பனியின் கரண்டிகளும் முள்ளுக்கரண்டிகளும் ஒன்றுகூட வரவில்லை.

கம்பனிக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் ஈடித் தாக்மோர், ஜோசையாவின் எட்டாவது தலைமுறை, அறுபதைத் தாண்டியவர், தானே கத்தி தீட்டத் தெரிந்தவர். வியாழக்கிழமைகளில் பார்வையாளர் வந்தால் கம்பனியின் சரித்திரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லுவார். கத்திகள் வரத் தொடங்கிய பிறகு அந்தச் சரித்திரம் கலைந்துபோயிற்று, ஏனென்றால் அவை காலவரிசைப்படி வரவில்லை. திமிங்கிலம் பிடித்த கப்பல்களுக்குப் போன உப்பேறிய கத்திகளும் போன வருஷம் கலியாணப் பரிசாகப் போன மேசைக் கத்திகளும் ஒரே பூச்செடிக்குள் கிடந்தன. ஆப்பிரிக்கக் கரைக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போன நீளக் கத்திகள் ஒரு மத்தியானம் நூலகத்து வாசலில் வந்து குவிந்தன, அவற்றுக்கு மாற்றாக அந்தக் கரையில் எதை, யாரைக் கப்பலில் ஏற்றினார்கள் என்று ஒரு பெண்மணி கேட்டார், ஈடித் தனக்கு அது தெரியும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். இன்னொரு நாள் பூங்காவில் முதலாம் யுத்தத்துச் சிப்பாய்களின் மடக்குக் கத்திகள் சேற்றோடு வந்து புல்லை மூடின, அன்றைக்கு ஊர்ச்சனம் கடைகளைப் பூட்டிவிட்டு வந்து வேலியோரமாக நின்றது, தாத்தாவின் தகப்பனுடைய பெயரெழுத்துப் பொறித்தது கிடக்கிறதா என்று சிலர் குனிந்து தேடினார்கள், கிடைத்தவர்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் குடையைப்போல் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அதற்குப் பிறகு ஈடித் வியாழக்கிழமைப் பேச்சை நிறுத்திவிட்டார்.

சிவமலரின் வேலையும் தலைகீழாயிற்று. கட்டி அனுப்பிய பெண்கள் இப்போது சிவப்புப் பெட்டிகளைக் கொட்டிப் பிரித்துத் துடைத்து அடுக்கினார்கள். மற்றப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு செய்ததை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்க்கும்போது மான்கொம்புப் பிடிபோட்ட ஒரு சின்ன மடக்குக் கத்தி அதற்குள் இருக்கக்கூடாது என்று வேண்டினாள். பெட்டி வெறுமையானதும், இல்லையே என்று அதன் அடியைக் கையால் தடவிப் பார்த்தாள்.

நொண்டி முயல் பொறித்த அந்தக் கத்தி அவளுடைய அப்பாவினது. அவர் ஹற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தவர், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் போகும்போது கொடுத்தது. அப்பா செத்த பிறகு அது அவளுடைய அண்ணன் குகதாசனின் சட்டைப் பைக்குள் போயிற்று. யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க யுத்தத்துக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த அந்த இடப்பெயர்வில், பாதி வழியில் தாசன் நின்று, பசுவை அவிழ்த்துவிட மறந்துபோனம், நீங்கள் நடவுங்கோ, நான் வாறன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அம்மாவும் அவளும் வரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு உரும்பிராய் வீட்டுக்கு மீண்டபோது பசு இல்லை, முடிச்சவிழ்த்த கயிறு கட்டையில் கிடந்தது. அவன் வீடுவரை வந்திருக்கிறான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு அவளுக்குக் கலியாணம் பேசி, ஷெஃபீல்டில் பஸ் ஓட்டிய பாலேந்திரனிடம் அனுப்பி வைத்தார்கள். வந்த புதிதில் ஒருநாள் அவனுடைய பஸ் யன்னலால் பார்த்தபோது ஒரு கம்பனியின் வாசற்படலை மேல் நொண்டி முயல் தெரிந்தது. அவள் மணியடித்து இறங்கிப் போய் வேலை கேட்டாள்.

ஆகவே அவளுக்கு ஒரு விதி தேவைப்பட்டது. எந்தக் கத்தி வரும், எந்தக் கத்தி வராது என்று யாராவது திட்டமாகச் சொன்னால் போதும். ஈடித்திடம் போய்க் கேட்டாள்.

"செத்தவர்களின் கத்திகள்தானா வருகின்றன?"

"அப்படித்தான் நானும் நினைத்தேன்," என்றார் ஈடித். "நேற்று லீட்ஸிலிருந்து ஒரு இறைச்சிக்கடைக்காரர் தொலைபேசியில் பேசினார். ஆட்டுத் தொடையை வெட்டிக்கொண்டிருக்கும்போதே கை வெறுமையாகிவிட்டதாம். அவர் உயிரோடுதான் இருக்கிறார். நிறையக் கோபத்தோடும் இருக்கிறார்."

"அப்படியென்றால் எல்லாக் கத்தியும் வந்துவிடுமா?"

"என் தங்கை ஸ்கொட்லாந்தில் இருக்கிறாள். அவளுடைய சமையலறையில் எங்கள் கத்திகள் ஒரு கட்டுக் கிடக்கின்றன. ஒன்றும் அசையவில்லை." ஈடித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியவில்லை, சிவா. தெரிந்த மாதிரிப் பேசுவதை நான் விட்டுவிட்டேன்."

அன்றைக்கு யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தபோது அவள் சொன்னாள்: "அம்மா, இஞ்சை கம்பனியிலை செய்த கத்தியள் எல்லாம் திரும்பி வருது. அப்பான்ரை முயல் போட்ட கத்தி, அது இந்தக் கம்பனிதான் எண்டு உங்களுக்கு முந்திச் சொன்னனான்."

"அது தாசனட்டை எல்லோ கிடக்கு," என்றார் அம்மா. அம்மா மகனைப்பற்றி எப்போதும் இப்படித்தான் பேசுவார், பக்கத்துத் தெருவுக்குப் போனவனைப்பற்றிப் பேசுவதுபோல. "அவன் அதைக் கைவிடமாட்டான். நீ உன்ரை வேலையைப் பார் பிள்ளை."

இலங்கைக்குப் போன கத்திகள் வந்த நாளும் வந்தது. பாலேந்திரனின் பஸ் நிற்கும் தரிப்பிடத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, தேயிலைச் செடி வெட்டுகிற வளைந்த கவ்வாத்துக் கத்திகளும் கறுவாப்பட்டை உரிக்கிற சின்னக் கத்திகளும் பழைய ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் வெள்ளிப்பூச்சுக் கத்திகளும் இடுப்பளவு குவிந்து கிடந்தன, பச்சைத் தேயிலையின் வாசமும் கறுவா வாசமும் அந்தத் தெரு முழுக்க நின்றன, பஸ்ஸுக்கு வந்தவர்கள் மூக்கைத் தூக்கிக் கொஞ்சநேரம் சும்மா நின்றார்கள். சிவமலர் குந்தியிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தாள். பாலேந்திரன் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவளுக்கு எதிரே குந்தினான், பயணிகள் பஸ்ஸுக்குள் காத்திருந்தார்கள். குவியல் முடிந்தது. மான்கொம்புப் பிடி இல்லை.

"அப்ப நல்லதுதானே," என்றான் பாலேந்திரன்.

"நல்லதோ?" என்று அவள் கேட்டாள். அவன் எழும்பிப் போய்ப் பஸ்ஸில் ஏறினான்.

கத்திகள் குறைந்துகொண்டு போயின. தகரப் பெட்டிகள் பாதி நிறைந்தன, பிறகு அடி மட்டும் மூடின. வானிலைப் பெண் ஒருநாள் கத்தியைப்பற்றி ஒன்றும் சொல்லாமலே முடித்தாள், ஊரில் சிலருக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் கிழமையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சிவமலர் கம்பனி முற்றத்து மர வாங்கில் தனியே இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் பக்கத்தில் கையை வைத்தபோது விரல் ஒட்டிக்கொண்டது.

அது விரித்தபடி கிடந்தது. அலகு முழுக்கப் பலாப்பால், இன்னும் காயாத பால், அது ஒட்டாமலிருக்கப் பூசிய தேங்காயெண்ணெயும் மினுங்கியது, பிடியில் ஒரு மஞ்சள் தும்பு ஒட்டியிருந்தது. ஷெஃபீல்ட் முற்றத்தில் பலாப்பழம் மணத்தது. மான்கொம்பின் ஒரு பக்கம் அவளுக்குத் தெரிந்த மான்கொம்பு. மற்றப் பக்கம் உடைந்துபோய், சிரட்டைத் துண்டு ஒன்றை வடிவாகத் தேய்த்துச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. அலகு அரைவாசியாய்த் தேய்ந்து நாணல் இலைபோல ஒடுங்கியிருந்தது. முயல் மட்டும் இருந்தது.

அவள் அழவில்லை. புட்டை மூடி வைத்துவிட்டு ஈடித்திடம் கொண்டுபோனாள். ஈடித் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நெடுங்காலமாக, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், கருங்கல்லில் தீட்டியிருக்கிறார்கள். ஒரே ஆள். இடதுகைக்காரர்." அவர் நிமிர்ந்தார். "உன் அண்ணன் இடதுகைக்காரரா?"

சிவமலர் நினைத்துப் பார்த்தாள். சோற்றை எல்லாரையும்போல வலக்கையால்தான் சாப்பிட்டான், அது கணக்கில் வராது. சைக்கிள் ஹாண்டிலை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு வருவான், எந்தக் கை? கிணற்றடியில் அவள்மேல் தண்ணீர் எற்றினான், எந்தக் கையால்? பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று போங்கோ என்று கையைக் காட்டினான். அந்த முகம் இருந்தது, மழையில் நனைந்த சட்டை இருந்தது, கை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவனின் கையைத் தான் ஒருநாளும் பார்க்கவில்லை என்பதுபோல அவள் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டாள்.

கடைசியில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, தாசன் அண்ணை எந்தக் கையாலை எழுதுறவர்?"

தொலைபேசிக்குள் ஒரு சேவல் கூவியது. அம்மா வேறொன்று கேட்டார்.

"கத்தி உங்கை வந்திட்டுதோ?"

"ஓம்."

"எப்பிடிக் கிடக்கு?"

"பலாப்பால் பிரண்டு கிடக்கு. இப்பதான் ஆரோ பாவிச்ச மாதிரி."

"அப்ப அவன் இனி எதாலை பலாப்பழம் வெட்டுவான்?" என்றார் அம்மா. குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "கையிலை இருந்ததைப் பறிச்செடுத்து உங்கை வைச்சிருந்தால், அவன் என்ன செய்யிறது? கொண்டுவா பிள்ளை. அதைக் கொண்டு இஞ்சை வா."

"எந்தக் கை அம்மா?"

"எனக்கு மறந்துபோச்சு," என்றார் அம்மா. அந்த வீட்டில் மகனைப்பற்றி அம்மா மறந்ததாகச் சொன்ன முதல் விஷயம் அது.

கத்தியை நகரத்தைவிட்டு வெளியே கொண்டுபோனால் அது திரும்பவும் வந்துவிடுமா என்று அவள் ஈடித்தைக் கேட்டாள். சிலது வந்ததென்றும் சிலது வரவில்லையென்றும் ஈடித் சொன்னார். "வந்தால் எடுத்துப் பத்திரமாக வைக்கிறேன்," என்றார். பலாப்பாலைத் துடைக்காமலே தாளில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் உடுப்புகளின் நடுவில் வைத்து, பாலேந்திரன் பெட்டியைப் பூட்டினான். கொழும்பில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இருந்தது. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் பார்த்தாள். இருந்தது.

பலாப்பழம் என்றால் சாவகச்சேரிதான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். எண்பதை எட்டிய அம்மா காலையில் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சந்தையில் ஒவ்வொரு பலாப்பழக் குவியலுக்கும் முன்னால் நின்று, "தம்பி, இந்தக் கத்தி ஆரின்ரை?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள், சிலர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவமலர் பின்னால் போனாள். ஒவ்வொரு ஆண்முகத்திலும் தேய்ந்துபோன ஒரு முகத்தைத் தேடினாள், ஐம்பது வயதைத் தாண்டிய தாசன் எப்படி இருப்பான் என்று தெரியாமல் தேடினாள்.

கோடிக்கடையில் பழத்துக்குப் பின்னால் ஒரு தடித்த பெண் இருந்தாள். பரிமளம் என்று எதிர்க்கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அம்மா கேட்டு முடிக்குமுன்னமே அவள் இடக்கையை நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"இது என்ரை எல்லோ. எங்கை எடுத்தனீங்கள்? சுளை எடுத்துக்கொண்டிருக்கேக்கை கையிலை இருந்தே காணாமல் போச்சுது. உந்தப் பக்கத்துக் கடைக்காரிதான் எடுத்தவள் எண்டு நான் இப்பவும் அவளோடை கதைக்கிறேல்லை."

"உமக்கு இது ஆர் தந்தது?" என்று அம்மா கேட்டார்.

பரிமளம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிவமலரைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இடம்பெயர்ந்து சனம் வந்த நேரம். எங்கடை வளவுக்குள்ளை கனபேர் இருந்தவை. ஒரு பெடியன், தனிய வந்தவன், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலை படுத்தான். நல்ல பெடியன். கிணத்துத் துலாவைத் திருத்தித் தந்தவன். தாயையும் தங்கச்சியையும் தவறவிட்டிட்டன் எண்டு ஒவ்வொரு பள்ளிக்கூடமாய்ப் போய்ப் பார்த்திட்டு வருவான்."

"வரணிப் பள்ளிக்கூடத்துக்கும் போனவரோ?" என்று சிவமலர் கேட்டாள்.

"எனக்கு அது தெரியாது பிள்ளை. பிறகு ஆரோ சொல்லியிருக்கினம், அவையள் கிளாலியாலை வள்ளம் ஏறி வன்னிக்குப் போயிட்டினம் எண்டு. அண்டைக்குக் காலமை வெளிக்கிட்டவன். சாப்பிட்டிட்டுப் போ எண்டு மறிச்சனான். பலாப்பழம் வெட்டிக் குடுத்தன், எனக்கு நல்ல கத்தி இல்லாமல் நான் படுகிற பாட்டைப் பார்த்திட்டு, இதை வைச்சிருங்கோ அக்கா, நான் அவையளைக் கூட்டிக்கொண்டு வரேக்கை வாங்கிறன் எண்டவன்." அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "வரேல்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். பிடி உடைஞ்சாப் பிறகும் எறியேல்லை."

அம்மா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். தாங்கள் ஒருநாளும் கிளாலிக்குப் போகவில்லை என்றும், அந்த நேரம் தாங்கள் வரணியில் இருந்துவிட்டுப் பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்றும், தங்களைத் தேடி அவன் போன திசையில் தாங்கள் இருக்கவே இல்லை என்றும் சிவமலர் தனக்குள் சொல்லிப்பார்த்தாள். சொல்லச் சொல்ல அது விளங்காமல் போயிற்று. காணாமல் போனது யார் என்று அவளுக்குக் குழம்பிவிட்டது.

பரிமளம் ஒரு பழத்தை இழுத்துப் பிளந்து, அந்தக் கத்தியால் சுளைகளை எடுத்து வாழையிலையில் வைத்து நீட்டினாள். அம்மா ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். சிவமலருக்கும் ஒன்றைக் கொடுத்தார். கொட்டையைக் கவனமாக இலையில் வைத்தார். பரிமளம் கத்தியைத் துடைத்து மடித்து அம்மாவிடம் நீட்டியபோது அம்மா வாங்கவில்லை.

"உம்மட்டைத்தானே தந்தவன். வைச்சிரும்," என்றார். "எந்தப் பக்கத்தாலை போனவன்?"

பரிமளம் கத்தியாலேயே காட்டினாள். மீன்கடைகளைத் தாண்டி, பெரிய வாகை மரத்தடியால் வளைந்து போகிற தெரு.

அம்மா குடையை விரித்தார். ஒருவரிடமும் சொல்லாமல் அந்தத் தெருவில் இறங்கி, வெயிலுக்குள், அவசரமில்லாமல் நடக்கத் தொடங்கினார். அம்மா, அங்கை இப்ப ஒருத்தரும் இல்லை என்று சொல்லத்தான் சிவமலர் பின்னால் ஓடினாள். கிட்டப் போனபோது அம்மா குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சரித்து அவளுக்கும் நிழல் கொடுத்தார். அவள் கூடவே நடந்தாள்.